ஓரத்தோடு ஓரம்

அத்தியாயம் ஏழு

அந்தப் படம் வந்து மூன்று நாளாகியும் பிரேம்காரி அதற்கு ஒரு சட்டம்கூட அறுக்கவில்லை.

அவள் அப்படி இழுத்தடிக்கிறவள் இல்லை. காலையில் வந்த படத்துக்கு மாலைக்குள் கண்ணாடி போட்டு, பின்புறம் பழுப்புத் தாள் ஒட்டி, கொக்கி மாட்டிக் கையில் கொடுத்துவிடுவாள். எட்டு வருடமாக அதே கடை, அதே மேசை. யாராவது சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே அக்கம்பக்கம் பார்ப்பாள். தெருவுக்கே அவள் பிரேம்காரிதான்.

இந்தப் படத்தை மட்டும் தொடக் கை வரவில்லை. ஏன் என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக நாலு வரி.

திங்கட்கிழமை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் காப்பகத்திலிருந்து ஓர் ஆயா வந்தாள். பழைய போர்வையில் சுற்றிய அட்டை ஒன்றை மேசைமேல் வைத்தாள். "எங்ககிட்ட வாய் பேசாத பொண்ணு ஒண்ணு இருக்கும்மா. அது பண்ணினது. டாக்டரம்மா ரூம்ல மாட்டணுமாம்" என்றாள். அன்று மழையில் கடைக் கூரை ஒழுகியதால் பிரேம்காரி படத்தை வீட்டுக்கு எடுத்துவந்து கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். அங்கே அவள் மாமியார் செய்த படம் ஒன்று ஏற்கெனவே சாய்ந்திருந்தது. இரண்டின் ஓரங்களும் தொட்டுக்கொண்டன.

தொட்ட இடத்தில் ஒரு கோடுகூட அறுபடவில்லை.

அத்தையின் படத்தில் மேலிருந்து சரிந்துவந்த நீலம், அட்டை முடிந்ததும் நிற்காமல், அந்த முகம் தெரியாத பெண்ணின் அட்டையில் தொடர்ந்து இறங்கியது. இங்கே ஒட்டியிருந்த கறுப்பு நூல் அங்கே போய்ச் சுருண்டது. அத்தை சுண்ணப் பசையை அப்பி, சீப்பால் இழுத்து வரி போடுவார். அந்தச் சீப்பில் நான்காவது பல் கிடையாது. மூன்று வரிக்கு அப்புறம் ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளியும் பிசகாமல் அந்த அட்டைக்குள் போயிருந்தது.

இரண்டு அட்டையின் முதுகிலும் தேதி இருந்தது. இரண்டும் ஒரே நாள்.

இன்று வியாழக்கிழமை.

காலையில் டீயை எடுத்துக்கொண்டு அத்தையின் அறைக்குப் போன பிரேம்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். மேசையில் அட்டை எதுவும் இல்லை. அத்தை சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். சுவரில் முழ நீளத்துக்குச் சுண்ணப் பசை அப்பியிருந்தது. அதன்மேல் கிழித்த சாக்குத் துணி, தேயிலைத் தூள், பழைய பாவாடை நாடா, எல்லாவற்றின்மேலும் ஈரம் காயாத நீலம்.

"என்ன அத்தை, சுவர்லயே ஆரம்பிச்சுட்டீங்க?"

"அட்டை பத்தலம்மா."

"கேட்டிருந்தா பெரிசா வெட்டிக் குடுத்திருப்பேனே."

"எவ்வளவு பெரிசுன்னு எனக்கே தெரியல. அது எங்க போய் நிக்குதுன்னு பார்த்தாத்தானே சொல்ல முடியும்?"

"வீட்டு ஓனர் பார்த்தார்னா, நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து நிக்க வச்சு வெள்ளையடிச்சுடுவார்."

அத்தை சிரித்தார். அறுபத்து மூன்று வயது. முப்பது வருடம் ஆயத்த ஆடை ஆலையில் சட்டைக் காலர் தைத்தவர். வேலையை விட்ட பிறகு ஏழு மாதமாகத்தான் இந்தப் பைத்தியம். "முப்பது வருஷம் நேர்கோடா தைச்சாச்சு, இனிமே கோணலா ஒண்ணு பண்றேனே" என்றுதான் ஆரம்பித்தார். கடையில் கழித்த அட்டைத் துண்டுகளை மருமகள் கொண்டுவந்து தருவாள். பட்டறையில் மிஞ்சிய பெயிண்டை மகன் கொண்டுவந்து தருவான். என்ன வரையப்போகிறோம் என்ற யோசனையே கிடையாது. கிண்ணத்தை மூன்று முறை தட்டுவார், விரலை இடுப்புச் சேலையில் இரண்டு முறை துடைப்பார், அப்புறம் கை போன போக்கில் விட்டுவிடுவார்.

"யோசிச்சா வராதும்மா" என்றார் இப்போதும், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுவா வரும். நான் மட்டும் பண்ற மாதிரியே இல்லை. பக்கத்துல உக்காந்து வேற யாரோ துணி மடிக்கற மாதிரி, எனக்கு ஒரு முனை, அவங்களுக்கு ஒரு முனை."

பிரேம்காரி டம்ளரை நீட்டினாள்.

"டீ குடிங்க அத்தை."

"வச்சுட்டுப் போ. கதவைத் தாழ் போட்டுக்கறேன். கூப்பிடாதே, தட்டாதே. நடுவுல விட்டா அறுந்து போயிடும்."

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

கடைக்கு வந்ததும், வீட்டிலிருந்து கையோடு எடுத்துவந்த இரண்டு படங்களையும் அவள் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எத்தனை முறை பார்த்தாலும் அதேதான். ஆனால் இன்றைக்கு வெயில் நேராக விழுந்ததால் வேறொன்று கண்ணில் பட்டது. அந்த நீலம்.

அது கடையில் விற்கிற நீலம் இல்லை. மயில் கழுத்தும் இல்லை, கத்தரிப்பூவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் சாம்பல் ஓடியது. ஒரு பள்ளிக்கூட வேனுக்காக அவள் கணவன் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கறுப்பும் வெள்ளையும் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கியது. "இந்த ஷேடு என் பட்டறையைத் தவிர உலகத்துல எங்கயும் கிடைக்காது" என்று வீட்டில் வந்து பீற்றிக்கொண்டான். மிஞ்சியதை அம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தான்.

அப்படியானால் காப்பகத்துப் பெண்ணுக்கு இது எப்படிக் கிடைத்தது?

பதினோரு மணி வாக்கில் ஆயாவே வந்து நின்றாள்.

"ரெடியாம்மா? டாக்டரம்மா ஆணி அடிச்சுட்டுக் காத்துட்டிருக்காங்க."

"சாயங்காலம் தர்றேன். ஆமா, அந்தப் பொண்ணுக்கு பெயிண்ட் யார் குடுக்கறாங்க?"

"அதுவா? மாசம் ஒருக்கா ஒருத்தர் வருவாரு. கார் பட்டறைக்காரர்போல இருக்கு, மிச்சம் மீதி டப்பா எல்லாம் கொண்டுவந்து குடுப்பாரு. புண்ணியவான். ஆனா கேட்டைத் தாண்டி உள்ள வரமாட்டாரு. அந்தப் பொண்ணு நல்லா சாப்பிடுதான்னு மட்டும் கேப்பாரு, போயிடுவாரு."

"அந்தப் பொண்ணை மட்டுமா கேப்பாரு?"

ஆயா கொஞ்சம் யோசித்தாள். "ஆமாம்மா. இப்ப நீ கேக்கறப்பத்தான் தோணுது."

"ஆள் எப்படி இருப்பாரு?"

"ஒல்லியா, உசரமா. புருவத்துல வெட்டு இருக்கும், வலது பக்கம்."

பிரேம்காரி கண்ணாடி வெட்டும் கருவியைக் கீழே வைத்தாள். கையில் வைத்திருப்பது நல்லதில்லை என்று தோன்றியது. தினமும் காலையில் அவள் பார்க்கிற முதல் முகத்தில் அந்த வெட்டு இருக்கிறது.

"இன்னும் ஒண்ணு. இந்த வரியெல்லாம் எந்தச் சீப்பால போட்டா?"

"சீப்பா? அங்க கூரான சாமானே குடுக்கறதில்லம்மா. விரலாலதான் போட்டுச்சு. நான் பக்கத்துலதானே இருந்தேன். அப்படியே அமுக்கி, நகத்தால இழுத்துச்சு."

"மூணு வரி. அப்புறம் ஒரு இடம் விட்டிருக்கே."

"ஆமா. நாலாவது விரலை மட்டும் மடிச்சு வச்சுக்கிட்டு இழுத்துச்சு. ஏன்னு யார் கேக்கறது? கேட்டாலும் அது சொல்லுமா?"

ஆயா போன பிறகு பிரேம்காரி இரண்டு படங்களையும் முகத்தோடு முகம் வைத்து, நடுவில் மெல்லிய தாள் கொடுத்துக் கட்டினாள். கடையைப் பூட்டி ஆட்டோ பிடித்துப் பட்டறைக்குப் போனாள்.

பட்டறையில் கணவன் இல்லை. ஒரு வண்டிக்கு உப்புத்தாள் தேய்த்து, கண்ணாடிகளைச் செய்தித்தாளால் மூடி நிறுத்தியிருந்தான். கண்ணைக் கட்டிவிட்ட மிருகம்போல அது நின்றது. கதவில் சாக்பீஸால் 'சாமான் வாங்கப் போயிருக்கிறேன்' என்று எழுதியிருந்தான். காற்று நிரப்பும் இயந்திரம் மட்டும் எதையோ நினைத்துக்கொண்டதுபோல அவ்வப்போது பெருமூச்சு விட்டது.

கல்யாணமாகி ஆறு வருடத்தில் அந்த இயந்திரத்துக்குப் பின்னால் அவள் போனதில்லை. போக வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. இன்று நிழலுக்காகத்தான் அந்தப் பக்கம் ஒதுங்கினாள்.

பின்சுவர் முழுக்க நிறம்.

ஸ்ப்ரே கன்னில் பெயிண்ட் சரியாக வருகிறதா என்று அடித்துப் பார்க்கிற சுவர் அது. கை துடைத்த சுவர், பட்டி பூசும் தகட்டை வழித்த சுவர், பசை காயாத செய்தித்தாள் கிழிசல்களை அறைந்து ஒட்டிய சுவர். ஒன்பது வருடத்துச் சிவப்பும் வெள்ளையும் பச்சையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, மரப்பட்டைபோல் தடித்திருந்தது. கவனமில்லாமல், நினைப்பில்லாமல் ஒரு மனிதன் தினமும் செய்துவந்த காரியம்.

அதன் நடுவே ஒரு நீள்சதுரம் மட்டும் வெறுமையாக இருந்தது. பழைய வண்டிக் கதவோ வேறெதுவோ பல வருடம் அங்கே சாய்ந்திருந்து, சமீபத்தில் அகற்றியிருக்க வேண்டும். வெறும் சிமென்ட்.

பிரேம்காரி அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். தொழில் புத்தி, கை தானாகக் கைப்பைக்குள் போய் டேப்பை எடுத்தது. அகலம் முப்பத்தாறு அங்குலம். உயரம் இருபது.

கயிற்றை அவிழ்த்தாள். அத்தையின் அட்டை பதினாறு அங்குலம். காப்பகத்து அட்டை இருபது. உயரம் இரண்டுக்கும் அதே இருபது.

கீழே இரண்டு செங்கல்லை அடுக்கி, இரண்டையும் அந்த வெற்றிடத்தில் ஏற்றி வைத்தாள்.

உட்கார்ந்துகொண்டது. ஒரு நூல் இடைவெளிகூட இல்லை.

சுவரின் இடது மூலையிலிருந்து வந்த சிவப்புக் கீற்று அத்தையின் படத்தில் நுழைந்து, மறு படத்தில் நீலத்துக்கு அடியில் ஓடி, மீண்டும் சுவரில் ஏறியது. பட்டித் தகட்டின் தழும்பு சீப்பு வரியாக மாறியது. எத்தனையோ ஆயிரம் மூலைகளைச் சேர்த்தவள் அவள். ஒரு மயிரிழைப் பிசகு இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. இங்கே பிசகே இல்லை. ஒரே கை, ஒரே மூச்சில் செய்ததுபோல இருந்தது.

சுவருக்குள் யாரோ பேச வாயெடுத்து நிறுத்தியதுபோல ஓர் அமைதி.

"என்னம்மா, இங்க வந்து நிக்கறே?"

அவள் கத்தியேவிட்டாள். அவன் கையில் தின்னர் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் அவள் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்தான்.

டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தான்.

"இது யாரு பண்ணினதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள் அவள். "இந்தப் பக்கத்துப் படம். மாசா மாசம் யாருக்கு பெயிண்ட் கொண்டுபோறீங்களோ, அவ பண்ணினது."

அவன் கையைக் கால்சட்டையில் துடைத்தான்.

"என்னங்க, எறும்புதானே அது?"

எறும்பு என்பது அவனுடைய தங்கை. பிறந்தபோது கறுத்துச் சிறுத்து இருந்ததாலும், யார் தூக்கினாலும் கடித்ததாலும் வீட்டில் வைத்த பெயர். பிரேம்காரி அந்த நாத்தனாரைப் பார்த்ததே இல்லை. ஒன்பது வருடம் முன்பு, பத்தொன்பது வயதில், 'என்னைத் தேட வேண்டாம்' என்று எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்பது அவளுக்குச் சொல்லப்பட்ட கதை. அத்தை அந்தக் கடிதத்தை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

அவன் வண்டியின் பானெட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அவ போகலை" என்றான். "நான்தான் கொண்டுபோய் விட்டேன்."

"அந்தக் கடிதம்?"

"நான் எழுதினது."

அவன் சுவரைப் பார்த்தே சொன்னான்.

"அப்பா தவறிப் போனதுலருந்து அவளுக்குப் பேச்சு நின்னுபோச்சு. மூணு மாசம், ஒரு வார்த்தை கிடையாது. அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு வயித்துல ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் பட்டறைக்கும் நான் ஒருத்தன். ஒருநாள் வந்து பார்க்கறேன், நடு ரோட்டுல நின்னுட்டிருக்கா. லாரிக்காரன் பிரேக் போட்டதால தப்பிச்சா. பயந்துட்டேன்மா. அம்மா தேறி வர்ற வரைக்கும் ஒரு மாசம் அங்க இருக்கட்டும்னு விட்டேன். சத்தியமா ஒரு மாசம்தான் நினைச்சேன்."

"அப்புறம்?"

"அம்மா வந்ததும் எறும்பு எங்கடான்னு கேட்டாங்க. தையல்கூடப் பிரிக்கல. காப்பகத்துல விட்டுட்டேன்னு சொன்னா எழுந்து ஓடிடுவாங்க. அதான், போயிட்டான்னு... அந்த நேரத்துக்கு ஒரு பொய். நாளைக்குச் சொல்லிக்கலாம், அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு தள்ளிப்போட்டேன். அதுக்கப்புறம் சொல்ற அளவுக்கு அது சின்னதா இல்லை."

"ஒன்பது வருஷம்."

"ம்."

"ஒருநாளாவது உள்ள போய்ப் பார்த்தீங்களா?"

"கேட்டு வரைக்கும் போவேன். அதுக்கு மேல கால் வராது."

அவளுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அதே சமயம், காதோரம் நரைத்த அந்தத் தலையைப் பார்க்கச் சகிக்கவும் இல்லை. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"வெளியில நிக்கற வண்டியை எடுங்க" என்றாள்.

கிளம்பும் முன் வீட்டுக்குப் போன் செய்தாள். நாலாவது மணியில் அத்தை எடுத்தார்.

"தட்டாதேன்னேன். போன்லயும் தட்டறே நீ" என்று சிரித்தார். மூச்சு வாங்கியது. "பாதிக்கு மேல வந்துடுச்சும்மா. நல்லா வருது. வைக்கறேன்."

காப்பகத்தின் நீளமான நடையில் பினாயில் வாடை. கழுவிக் காயாத தரை. மத்தியான வெயிலில் ஜன்னல் கம்பிகளின் நிழல் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. கேட்டருகே அவன் கால் நின்றது உண்மைதான். பிரேம்காரி அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆயா கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டால் கடைசி அறையைக் காட்டினாள். "உள்ள இருக்கு. காலையிலருந்து சாப்பிடல. கையை நிறுத்தவே மாட்டேங்குது. இப்படி ஒரு நாளும் பண்ணினதில்ல."

தரையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை விரித்துப் போட்டு, அதன் முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒட்ட வெட்டிய தலை. மெலிந்த முதுகு. வலது முழங்கை வரை நீலம். யார் வந்தார்கள் என்று திரும்பவில்லை.

கிண்ணத்தை மூன்று முறை தட்டினாள். விரலை இடுப்பில் இரண்டு முறை துடைத்தாள். அப்புறம் கையை விட்டாள்.

அது அத்தையின் கை. அதே வேகம், அதே திருப்பம், தோளை லேசாகத் தூக்கிக்கொள்வதுகூட அதேதான். அட்டையில் விரிந்துகொண்டிருந்த உருவமும் அவளுக்குத் தெரிந்ததே. இன்று காலையில் வீட்டுச் சுவரில் முழ நீளம் பார்த்தாளே, அதன் மறு பாதி. இங்கே சாக்குத் துணி கிடையாது. கிழிந்த போர்வையை ஒட்டியிருந்தாள். தேயிலை கிடையாது, தோட்டத்து மண்ணைத் தூவியிருந்தாள்.

"எறும்பு" என்றான் அவன். குரல் வரவில்லை. இன்னொரு முறை சொன்னான். "எறும்பு, அண்ணன் வந்திருக்கேன்."

அந்தக் கை நிற்கவில்லை. வளைந்தது, ஏறியது, கீழே வழிந்தது. மூவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

திடீரென்று அது நின்றது.

ஒரு கோட்டின் நடுவில், பாதி வளைவில், அந்தரத்தில் நின்றது. விரல் நுனியிலிருந்து நீலம் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. அவள் தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டாள். அப்புறம் மெல்லத் திரும்பினாள். அண்ணனைப் பார்க்கவில்லை. இதுவரை கண்ணால் கண்டிராத அந்தப் பெண்ணைத்தான் நேராகப் பார்த்தாள்.

"அண்ணி" என்றாள். துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பதுபோல ஒரு குரல். "அம்மா கை நின்னுடுச்சு."

ஆயாவின் கையிலிருந்து தட்டு விழுந்து நடையெல்லாம் உருண்டது.

பிரேம்காரி வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அதேதான்.

"எழுந்திரு" என்று ஈரக் கையைப் பிடித்துத் தூக்கினாள். "வீட்டுக்குப் போலாம் வா."

"அப்படியெல்லாம் கூட்டிட்டுப் போக முடியாதும்மா" என்று ஆயா பதறினாள். "பெரிய நர்ஸ் கையெழுத்து கேப்பாங்க."

வாசல் அறையில் பெரிய நர்ஸ் பதிவேட்டைப் பிரித்து வைத்தாள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய பக்கம். 'உறவு' என்று அச்சிட்ட இடத்தில் அவன் கையெழுத்திலேயே 'தெரிந்தவர்' என்று இருந்தது. அவன் பேனாவை வாங்கி அதை அடித்தான். பக்கத்தில் 'அண்ணன்' என்று எழுதினான். நர்ஸ் அவனையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் கேட்கவில்லை. "நாளைக்குக் காலையில டாக்டரைப் பார்க்கக் கூட்டிட்டு வரணும்" என்று மட்டும் சொன்னாள்.

வண்டி கிளம்பியதும் பிரேம்காரி பக்கத்து வீட்டு டீச்சருக்குப் போன் செய்தாள்.

"டீச்சர், எங்க வீட்டுக்கு ஓடிப்போய் அத்தையைப் பாருங்க. வாசல் சாவி ஜன்னல்ல இருக்கும்."

"என்னம்மா ஆச்சு?"

"போய்ப் பாருங்க, போனை வச்சுடாதீங்க."

செருப்புச் சத்தம். சாவிச் சத்தம். "அறைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கேம்மா. அம்மா! அம்மா! சத்தத்தையே காணோமே. தூங்கறாங்களோ?"

பின் சீட்டில் பிரேம்காரியின் பக்கத்தில் எறும்பு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது கை மடியில் செத்த மீன்போல மல்லாந்து கிடந்தது. பிரேம்காரி அதைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. தூக்கிவிட்டால் தொப்பென்று விழுந்தது.

அப்போதுதான் இடது கை அசைந்தது.

சீட்டின் மேலுறையில், பெயிண்ட் ஒட்டிய ஒரு விரல் தடவிக்கொண்டே நகர்ந்தது. எழுதப் பழகாத குழந்தைபோலக் கோணல்மாணலாக, நின்று நின்று, ஆனால் விடாமல். விட்ட வளைவை முடிக்கப் பார்க்கிற விரல்.

அத்தைக்கு இடது கைப் பழக்கம் கிடையாது. அவர் இடது கையால் எதையும் செய்ய மாட்டார். வலது கை வேலை செய்யும்வரை.

பிரேம்காரி போனை வாயருகே இழுத்தாள்.

"டீச்சர், கதவை உடைங்க! ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. அத்தை சுவர் ஓரமா விழுந்து கிடக்காங்க. வலது பக்கம் இழுத்துக்கிச்சு. உயிரோட இருக்காங்க டீச்சர், சீக்கிரம்!"

"நீ எங்கம்மா இருக்கே? உனக்கெப்படித் தெரியும்?"

அவள் எறும்பின் விரலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

போனில் ஆட்கள் ஓடிவரும் சத்தம். ஓர் ஆண் குரல், 'தள்ளுங்க, தள்ளுங்க'. மரத்தில் தோள் மோதியது. ஒருமுறை. இரண்டாம் முறை. முன்னால் வண்டியோட்டிக்கொண்டிருந்தவன் கண்ணாடி வழியாகப் பார்த்தான். முகத்தில் வேர்வை வழிந்தது. ஒலிப்பானிலிருந்து கையை எடுக்காமல் வண்டிகளுக்கு நடுவே புகுந்தான்.

மூன்றாம் முறை மரம் பிளந்தது.

எறும்பின் இடது கை சட்டென்று நின்றது. விரல்கள் மெல்ல மடங்கின. வேறொரு கை வந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டதுபோல, கட்டை விரல் மேலே ஏறிப் படிந்தது.

"பிடிச்சுட்டேன்மா" என்றது டீச்சரின் குரல். அழுகையும் மூச்சிரைப்பும் கலந்திருந்தது. "கையைப் பிடிச்சுட்டேன். நீ சொன்ன மாதிரியேதான் கிடக்காங்க. கண் திறந்திருக்காங்க. வாய் ஒரு பக்கம் கோணிடுச்சு. ஆம்புலன்ஸ் வருது. இரு, இரு, ஏதோ கேக்கறாங்க."

குழறலாக ஒரு முனகல் போனில் வந்தது. பிரேம்காரி காதோடு அழுத்திக்கொண்டும் புரியவில்லை.

"ஏம்மா" என்றாள் டீச்சர், குழப்பத்தோடு. "'எறும்பு வண்டியில ஏறிட்டாளா'ன்னு கேக்கறாங்க. யாரும்மா அது எறும்பு?"